மியூனிக்கில் இருக்கும் ஏழுமலைக்கு

வேலூர்,
சித்திரை 29

அன்புள்ள ஏழுமலை,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் எழுதாததற்கு வெயிலைத்தான் குற்றம் சொல்லவேண்டும். கோட்டை அகழிப் பக்கம் காலையில் நடக்கப் போனால் ஏழு மணிக்கே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்கிறது. 'வேலூருக்கு இரண்டே பருவம், வெயில், கடும் வெயில்' என்று நீ சொல்லுவாயே, இப்போது இரண்டாவது நடக்கிறது. சரோஜாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. ஊசி போட்டார்கள், பத்து நாள் நன்றாக இருந்தாள், மறுபடி மாடிப்படியைப் பார்த்தாலே பயப்படுகிறாள். மற்றபடி குறையில்லை. பேத்தி தவழ ஆரம்பித்துவிட்டாள் என்று எழுதியிருந்தாய். தங்கச்சியிடம் சொல், இனி ரெண்டு கையும் போதாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை உங்களை ஒரு பீர் தோட்டத்துக்கு அழைத்துப் போனதையும், மர நிழலில் நீள நீளமான மேசைகளில் பாட்டி, மகன், பேரன் என்று மூன்று தலைமுறை உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்ததையும் எழுதியிருந்தாய். பக்கத்து மேசைக்காரி கூடையிலிருந்து துணி எடுத்து விரித்து, ரொட்டியும் முள்ளங்கியும் நறுக்கி வைத்தாள், தைரியம் வந்து தங்கச்சியும் புளிசாதத்தைப் பிரித்தாள், யாரும் முகம் சுளிக்கவில்லை என்றெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு வரி போட்டாய்: 'நமக்குக் குடிக்கத் தெரியலடா, தாமு.' இத்தனைக்கும் நீ குடித்தது ஆப்பிள் ஜூஸ்! அந்த வரிதான் பத்து நாளாக என்னைக் குடைகிறது. முப்பது வருஷம் வரலாற்றுப் பாடம் எடுத்தவன் கையில் இப்படி ஒரு வரியைக் கொடுத்தால் சும்மா விடுவேனா?

முதலில் அந்தப் புளிசாதத்தைப் பற்றிச் சொல்கிறேன். அதை அங்கே பிரிக்க முடிந்ததற்குப் பின்னால் ஒரு வியாபாரச் சண்டை இருக்கிறது. மியூனிக் இருக்கும் பவேரியாவில் கோடையில் பீர் காய்ச்சக் கூடாது என்று 1553லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். செப்டம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் 23 வரைதான் அனுமதி. வெயில் காலத்தில் சரக்கு கெட்டுப்போகும், அடுப்பால் தீ விபத்தும் வரும். அதனால் குளிர்காலத்தில் காய்ச்சிய பீரைக் கோடை முழுக்க வைத்திருக்க வேண்டியிருந்தது. ஆற்றங்கரை மேட்டில் ஆழமாக நிலவறை தோண்டினார்கள். நிலவறை சூடாகாமல் இருக்க மேலே சரளைக்கல் பரப்பி, செஸ்ட்நட் மரங்களை நட்டார்கள். நீ உட்கார்ந்த நிழல் உனக்காக வளர்த்தது இல்லையப்பா, கீழே இருந்த பீப்பாய்க்காக வளர்த்தது. பிறகு அந்த நிழலிலேயே மேசை போட்டு விற்க ஆரம்பித்ததும் ஊருக்குள் இருந்த சத்திரக்காரர்கள் அரசரிடம் முறையிட்டார்கள். 1812ல் மன்னர் மாக்ஸ் ஜோசப் ஒரு சமரசம் செய்தார்: நிலவறைக்காரர்கள் பீர் விற்கலாம், ரொட்டி விற்கலாம், வேறு சாப்பாடு எதுவும் விற்கக் கூடாது. அப்புறம் என்ன, ஜனங்கள் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்தார்கள். தங்கச்சியின் புளிசாதம் இருநூறு வருஷத்துப் பழைய அனுமதியில் பிரிக்கப்பட்டது.

உங்கள் ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லும் 1516ஆம் வருஷத்துச் சட்டத்தையும் கேள். பீரில் பார்லி, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ, தண்ணீர், இந்த மூன்றைத் தவிர வேறெதுவும் சேர்க்கக் கூடாது. கோதுமையைப் பீராக்கிவிட்டால் ரொட்டிக்கு எங்கே போவது என்ற கவலையும் அதில் இருந்தது. ஆனால் ஈஸ்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நுரைக்க வைப்பது ஓர் உயிர் என்று அப்போது யாருக்கும் தெரியாது. லூயி பாஸ்டர் என்ற விஞ்ஞானி வந்துதான் சொல்லவேண்டியிருந்தது. கள் இறக்குவாரே நம் ஏரிக்கரை கிராமணித் தாத்தா, அவரும் கலயத்தைச் சுத்தமாகக் கழுவமாட்டார், ஞாபகம் இருக்கிறதா? 'அடியில கொஞ்சம் இருந்தாதான்டா பொங்கும்' என்பார். அந்த விஷயத்தில் தாத்தாவும் பவேரியப் பிரபுவும் ஒரே வகுப்பு.

இப்போது 'நமக்குத் தெரியல' என்பதற்கு வருகிறேன்.

திருப்பத்தூரைத் தாண்டினால் தருமபுரி. அதுதான் பழைய தகடூர், அதியமான் ஊர். அவன் செத்தபோது ஔவை பாடிய புறநானூற்றுப் பாட்டை நம் தமிழய்யா வகுப்பில் சொல்லும்போது குரல் கம்மியது. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்குக் கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் குடித்துப் பாட, தானும் மகிழ்ந்து குடிப்பான். இரண்டே வரியில் ஒரு மனுஷனுடைய கணக்கு முழுதும் வந்துவிடுகிறது. பாடியவள் ஒரு பெண் என்பதையும் கவனி. ராஜாவோடு சமமாக உட்கார்ந்து குடித்ததை ஒளிக்காமல், அதையே அவன் பெருமையாகச் சொல்லி அழுகிறாள். அவள் இன்றைக்கு இதைச் சொன்னால் நம் தெருவில் என்ன பேசுவார்கள் என்று நீயே யோசித்துக்கொள்.

இன்னொன்று நம் தொண்டை நாட்டுப் பாட்டு. காஞ்சியில் இருந்த இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படை. மீன் பிடிப்பவர்கள் குடியிருப்பைச் சொல்லும்போது புலவர் ஒரு செய்முறையே எழுதிவைத்துவிட்டார். தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆறவிட்டு, புற்றுக்குள்ளே இருக்கும் குரும்பி போன்ற அடையைக் கலந்து, சாடியில் இரண்டு பகல் இரண்டு இரவு வைத்து, விரலால் அலைத்துப் பிழிந்து எடுப்பது. இது அரிசி பீர்தானே! வடகிழக்கு மாநிலங்களில் இன்றைக்கும் இப்படித்தான் ஓர் அடையை உதிர்த்துப் போட்டுச் செய்கிறார்கள். அங்கே தொடர்ந்தது, இங்கே நின்றுவிட்டது.

அதே காலத்தில் ஒயினும் வந்தது. யவனர், அதாவது கிரேக்க, ரோமானிய வியாபாரிகள், கொண்டுவந்த குளிர்ந்த, மணக்கும் தேறலைப் பொற்கிண்ணத்தில் வளையல் போட்ட பெண்கள் தினமும் ஊற்றிக் கொடுக்க நீ இனிதாக இரு என்று நக்கீரர் ஒரு பாண்டியனை வாழ்த்துகிறார். புதுச்சேரிப் பக்கம் அரிக்கமேட்டில் 1945ல் தொல்லியல் ஆய்வாளர் வீலர் தோண்டியபோது கிடைத்த இரண்டு காதுள்ள ஜாடி ஓடுகள் அந்தச் சரக்கு வந்த பாத்திரத்தினுடையவை. பார், அரிசிக் கள் சேரிப் பாட்டில் வருகிறது, ஒயின் அரண்மனைப் பாட்டில் வருகிறது. எனக்கு இதற்கு ஒரு காரணம் தோன்றுகிறது. நம் சரக்கு கெட்டுப்போகும். கள்ளைக் காலையில் இறக்கினால் மாலைக்குள் குடித்தாக வேண்டும், மறுநாள் அது காடி. பதுக்க முடியாது, பக்கத்து ஊருக்கு மேல் அனுப்ப முடியாது. அதனால் கூடித்தான் குடித்தாக வேண்டும். ஒயின் அப்படியில்லை. ஜார்ஜியாவில் எட்டாயிரம் வருஷத்துக்கு முன்பே மண் ஜாடியில் ஊறப்போட்டிருக்கிறார்கள், இன்றைக்கும் அங்கே ஜாடியை மண்ணில் புதைத்துத்தான் வைக்கிறார்கள். வைக்க முடிந்தால் கப்பலேற்றலாம், விலை ஏற்றலாம், 'இது எந்த வருஷத்துச் சரக்கு' என்று மூக்கை உயர்த்தலாம். கிரேக்கர்கள் ஒயினில் தண்ணீர் கலக்காமல் குடிப்பவனைக் காட்டான் என்றார்கள், பீர் குடிப்பவனைக் கேட்கவே வேண்டாம். என்ன குடிக்கிறாய் என்பதை வைத்து ஆளை எடைபோடுவது அன்றைக்கே ஆரம்பமாகிவிட்டது.

நம் ஊர்க் கள்ளுக்கடை உனக்கு ஞாபகம் இருக்கும். 1972 என்று நினைக்கிறேன், நாம் ஏழாவது. ஏரிக்கரையில் பனையோலைக் கொட்டகை. நாலு மணிக்கு மேல் கூட்டம் சேரும். என் அப்பா, பீடி சுற்றுகிற காதர் மாமா, செருப்புக் கடைக்காரர் எல்லோரும் ஒரே மணலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார்கள். மொச்சைச் சுண்டலும் சுட்ட கருவாடும் மணக்கும். அம்மா அனுப்பி அப்பாவைக் கூப்பிடப் போவோம், சுண்டலுக்காக வேண்டுமென்றே மெதுவாகப் போவோம். அதே வருஷங்களில் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் சாராயக் கடையும் இருந்தது. அங்கே உட்கார இடமே கிடையாது. கிளாஸை வாங்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் இறக்கிவிட்டு, உப்பையோ ஊறுகாயையோ நக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவே மாட்டார்கள். பத்துப் பன்னிரண்டு வயதில் எனக்கு அந்த வித்தியாசம் புரியவில்லை, ஆனால் அந்தப் பக்கம் போகப் பயமாக இருந்தது.

இதை லண்டனில் ஒருவர் படமாகவே போட்டிருக்கிறார். ஹோகார்த் என்ற ஓவியர், 1751. ஒரு படத்தில் பீர்த் தெரு: கொழுத்த, சிரித்த ஜனங்கள், கையில் வேலை, கடையில் வியாபாரம். இன்னொன்றில் ஜின் சந்து: தாய் கைப்பிள்ளையைப் படிக்கட்டிலிருந்து நழுவவிட்டுச் சிரிக்கிறாள், வீடுகள் இடிகின்றன. ஒன்று புளித்தது, மற்றொன்று காய்ச்சி வடித்தது. வருஷத்தைக் கவனித்தாயா? அதே 1751ல்தான் ஆங்கிலேயக் கம்பெனியின் கிளைவ் நம் ஆற்காட்டுக் கோட்டைக்குள் புகுந்து ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கினான். அங்கே குடியால் கெட்ட தெருவைப் படம் போட்டுக்கொண்டிருந்தபோதே இங்கே கால் ஊன்றினார்கள். பின்னால் கலால் என்று ஒரு பெரிய இலாகாவே வந்தது. கள் இறக்க ஒவ்வொரு மரத்துக்கும் வரி, மரத்தில் எண். எண்ண முடிகிற, அளக்க முடிகிற குடியைத்தான் அரசாங்கத்துக்குப் பிடிக்கும்.

மதுவிலக்கு வந்த கதை உனக்குத் தெரியும், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1921ல் கள்ளுக்கடை மறியல் காலத்தில் பெரியார் தன் தோப்பிலேயே ஐந்நூறுக்கும் மேற்பட்ட தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். ராஜாஜி 1937ல் சேலத்தில் தொடங்கினார். 1939ல் நம் வட ஆற்காட்டுக்கும் வந்தது. கள்ளுப் பணம் போய்விட்டதே, கஜானாவுக்கு என்ன வழி? அதே 1939ல் சென்னை மாகாணத்தில் விற்பனை வரி பிறந்தது. இன்றைக்கு நீ சோப்பு வாங்கும்போது கட்டும் வரிக்கு அந்தக் கலயம் ஒரு கொள்ளுத் தாத்தா முறை. 1948ல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு, 1971ல் திறப்பு, 1974ல் மூடல், 1981ல் மறுபடி திறப்பு. 1983ல் டாஸ்மாக் உருவானது, 1987ல் கள்ளுக்குத் தடை வந்து இன்றுவரை நீடிக்கிறது, 2003ல் சில்லறைக் கடையையும் அரசே எடுத்துக்கொண்டது. இந்த ஆட்டத்தில் மரமேறிகள்தான் பாவம். பிராந்தி திரும்பி வந்தது, பீர் வந்தது, அவர்கள் கலயம் மட்டும் திரும்பவில்லை.

இதுவரை எழுதியதைச் சரோஜாவிடம் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, 'உங்க சித்தியை எங்க உட்கார வெச்சீங்க?' என்றாள். பேனாவை மூடிவைத்துவிட்டு அன்றைக்கு எழுந்துவிட்டேன். கடிதம் தாமதமானதற்கு இதுவும் ஒரு காரணம்.

சித்தப்பாவை உனக்குத் தெரியும். கடைகள் மூடியதும் மலையிலிருந்து ட்யூபில் வரும் கள்ளச்சாராயத்தைத் தேட ஆரம்பித்தவர். வெல்லம், வேலம்பட்டை எல்லாம் போட்டு ஊறல் வைத்துக் காய்ச்சுவது. வேல மரத்தால்தான் நம் ஊருக்கே வேலூர் என்று பெயர் வந்தது என்பார்கள், அந்தப் பட்டையேதான். கடைசியில் அவரைக் கொண்டுபோனது அதுகூட இல்லை, யாரோ கலந்துவிட்ட மெத்தனால். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகும்போது 'விளக்கைப் போடுங்க, இருட்டா இருக்குது' என்றார். பகல் பதினோரு மணி. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தபோது டிவியில் ஒருவர் 'கண்ணு தெரியல' என்று சொன்னதைக் கேட்டதும் நான் எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டேன். சித்தி அதற்குப்பின் பீடி சுற்றி மூன்று பிள்ளைகளை ஆளாக்கினாள். 1974ல் கடைகள் மூடிய அன்றைக்கு என் அம்மா தெருமுனையில் சூடம் கொளுத்தியதை நீயும் பார்த்தாய். அப்பாவின் மணல் மேசையை நான் எவ்வளவு ஆசையாக நினைத்தாலும், அதில் அம்மாவுக்கு இடம் இருந்ததில்லை. வள்ளுவர் கள்ளுண்ணாமை அதிகாரத்தில் பெற்றவள் முகத்தைத்தானே முதலில் காட்டுகிறார்? பெற்ற தாய் முன்னாலேயே கொடுமையாக இருக்கிற களிப்பு, சான்றோர் முன்னால் எப்படி இருக்கும் என்று கேட்கிறார். ஔவை உட்கார்ந்த இடத்திலிருந்து அவளை எழுப்பிவிட்டது யார், எப்போது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் உன் மியூனிக் மேசையில் உன்னை ஆச்சரியப்படுத்தியது பீரில்லை என்று நினைக்கிறேன். தங்கச்சி பயமில்லாமல் டப்பாவைத் திறந்தாளே, அதுதான்.

இங்கே இப்போது பீர் வாங்குவது எப்படி என்று உனக்கு மறந்திருக்கும். கம்பிக்குள்ளே ஒரு கை வரும், காசைக் கொடு, பாட்டிலை வாங்கு, செய்தித்தாளில் சுற்று, வண்டியில் ஏறு. ஏரிக்கரையில் நின்றபடியே குடித்துவிட்டுப் பாட்டிலை உடைத்துவிட்டுப் போகிறார்கள். என் காலில் ஒருமுறை குத்தியிருக்கிறது. பீரிலும் 'ஸ்ட்ராங்' என்று போட்டதுதான் விற்கிறது. பெயர்தான் பீர், குடிக்கிற விதம் அந்தப் பஸ் நிறுத்தத்துச் சாராயக் கடைதான். இதைக் கடையில் நிற்கும் பையன்மேல் போட முடியாது. உட்காராதே, பேசாதே, சீக்கிரம் போ என்று ஐம்பது வருஷம் சொல்லிக் கொடுத்தால் அவனும் அப்படித்தான் குடிப்பான்.

ஒன்று உனக்குச் சிரிப்பாக இருக்கும். நம் கேழ்வரகு இருக்கிறதே, அதன் தாய்வீடு கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம். உகாண்டா பக்கம் அதை முளைகட்டிப் பீர் செய்கிறார்கள். நேபாளத்திலும் சிக்கிமிலும் அதையே புளிக்கவைத்து, மூங்கில் குழாயால் சூடாக உறிஞ்சுகிறார்கள். நாம் அதே மாவைக் கரைத்து, ராத்திரி முழுக்கப் புளிக்கவிட்டு, காலையில் காய்ச்சி, நொய் போட்டு, ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறோம். போதைக்குப் போகாமல் புளிப்போடு நின்றுவிட்ட பீர் என்று அதைச் சொன்னால் பூசாரி என்னை அடிக்க வருவார். ஆனால் போன வருஷம் அண்டாவுக்கு முன்னால் நின்ற வரிசையைப் பார்த்தேன்: கிழவிகள், கைலி கட்டிய பையன்கள், எதிர்வீட்டு மருமகள், பக்கத்தில் தங்கிப் படிக்கிற வடநாட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர். எல்லார் கையிலும் சொம்பு. வெங்காயமும் கருவாட்டுக் குழம்பும் யாரோ வீட்டிலிருந்து வந்துகொண்டே இருந்தது.

மற்ற செய்தி. ஏரிக்கரைப் பனைகளில் பாதிக்குமேல் செங்கல் சூளைக்குப் போய்விட்டன. 2021லிருந்து கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று அரசு சொல்லியிருக்கிறது. மிச்சம் இருப்பதாவது நிற்கும் என்று நம்புகிறேன். கிராமணித் தாத்தாவின் பேரன் காட்பாடி ரோட்டில் நுங்கும் பதநீரும் விற்கிறான். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கேஸ் என்று சிரித்துக்கொண்டே சொன்னான். தாத்தாவின் பாளை அரிவாள் இன்னும் அவனிடம்தான் இருக்கிறதாம். கள்ளைத் திறந்துவிட வேண்டும் என்று சிலர் பேசுகிறார்களே, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டேன். 'மரம் ஏற ஆள் யார் சார் இருக்காங்க?' என்றான். அது எனக்குத் தோன்றவே இல்லை.

இன்னும் மூன்று நாளில் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. இந்த வருஷம் நான் போகவில்லை, கூட்டத்தில் நிற்க முடியாது. நம் தெருவில் ஆடி மூன்றாம் வெள்ளி கூழ். நீ ஜூலையில் திரும்புவதாக எழுதியிருந்தாய், அதற்குள் வந்துவிடு. வரும்போது அங்கே பீர் ஊற்றிக் கொடுக்கிறார்களே, ஒரு லிட்டர் பிடிக்கிற கனமான குவளை, அதில் ஒன்று எடுத்துக்கொண்டு வா. சொம்பில் வாங்கினால் இரண்டாவது தடவை வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது, சரோஜாவின் முட்டி தாங்காது.

உன்,
தாமு

பி.கு.: இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் இப்போது நன்றாக வருகிறது. உனக்குப் பொறாமையாக இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.